கல்லீரல் ஹைடாட்டிட் கட்டி: துளைவழி அறுவையா, திறந்த அறுவையா?

நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் முட்டைகள் மனித உடலுக்குள் புகுவதால் கல்லீரலில் வளரும் நீர்க்கட்டியே ஹைடாட்டிட் கட்டி. அறுவை தேவை என்றதும் தழும்பு எவ்வளவு பெரிதாக விழும் என்றே பலரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, கட்டிக்குள் உள்ள நீர் வயிற்றுக்குள் சிந்தாமல் எந்த முறையில் அதை எடுக்க முடியும் என்பது. சிந்தினால் உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை அதிர்ச்சி நேரலாம்; அந்த நீரில் மிதக்கும் நுண்ணிய புழுத்தலைகள் பின்னாளில் புதுக் கட்டிகளாக வளரவும் கூடும்.

முதலில் ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் நிலையைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் சிஇ4, சிஇ5 (CE4, CE5) எனப்படும் செயலிழந்த கட்டிகளைத் தொல்லை தராதவரை கண்காணித்து வந்தால் போதும். 5 செ.மீ.க்குக் குறைவான, இன்னும் செயலிழக்காத சிஇ1, சிஇ3ஏ கட்டிகளுக்குப் பெரும்பாலும் அல்பெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மாத்திரையே முதல் சிகிச்சை.

அறுவைதான் வழி என்றால், கட்டி இருக்கும் இடமே பெரும்பாலும் முறையைத் தீர்மானிக்கிறது. கல்லீரலின் முன்பக்கம், மேற்பரப்பை ஒட்டி ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் இருந்தால் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் துளைவழி அறுவை (லேப்ராஸ்கோப்பி) பொருந்தும். வலி குறையும், விரைவில் வீடு திரும்பலாம். ஆழத்திலோ பின்புறத்திலோ பெருஞ்சிரையை ஒட்டியோ இருப்பவை, பல கட்டிகள், சுண்ணாம்பு படிந்து தடித்தவை, பித்தநாளத்துக்குள் உடைந்தவை ஆகியவற்றுக்குத் திறந்த அறுவையே பாதுகாப்பானது என்பது என் உறுதியான எண்ணம்.

திறந்த அறுவையில் செறிந்த உப்புக்கரைசலில் நனைத்த துணிகளைக் கட்டியைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய பிறகே ஊசியைச் செலுத்துவார்கள். துளைவழியில் அப்படி அடுக்குவது கடினம் என்பதால், உறிஞ்சுகுழாயைக் கையாளும் திறமையையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. ஊசியில் ஏறும் நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தால் புழுக்கொல்லிக் கரைசலைச் செலுத்தலாம். மஞ்சளாக வந்தால் கட்டி பித்தநாளத்தோடு இணைந்திருக்கிறது, கரைசல் அந்த நாளங்களையே கெடுத்துவிடும் என்று பொருள்.

அறுவை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இத்தகைய கட்டிகளைத் துளைவழியில் எத்தனை முறை எடுத்திருக்கிறார், இடையில் சிக்கல் வந்தால் திறந்த முறைக்கு மாறுவாரா, அறுவைக்கு முன்பே அல்பெண்டசோல் தொடங்கப்படுமா? நடுவில் முறையை மாற்றுவது தோல்வியல்ல.

பித்தக் கசிவு இரு முறைகளிலும் வரலாம். எனவே வடிகுழாயில் என்ன நிறத்தில் நீர் வருகிறது என்று நாள்தோறும் கவனியுங்கள். மாத்திரையை மருத்துவர் சொல்லும் காலம் வரை, வழக்கமாக ஒரு மாதமாவது, இரத்த அணுக்களையும் கல்லீரல் செயல்பாட்டையும் சோதித்தபடி தொடர வேண்டும். மீண்டும் தோன்றும் கட்டி வலியே காட்டாமல் வளரும் என்பதால், ஸ்கேன் பரிசோதனையைப் பல ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும்.