பிலிப்பைன்ஸ் புரட்சியின் நினைவிடங்கள்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு ஆட்சியை எதிர்த்து 1896-இல் பிலிப்பைன்ஸ் மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். மணிலா போகிறவர்களில் பலர் லுனேட்டா பூங்காவில் ஹோசே ரிசால் சிலை முன் படம் எடுத்துக்கொண்டு, புரட்சியின் நினைவிடத்தைப் பார்த்தாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான்.

ரிசால் எழுத்தாளர், கண் மருத்துவர். அவர் எழுத்து பலரைத் தட்டி எழுப்பியது உண்மை. ஆனால் ஆயுதப் புரட்சிக்கு அவர் தலைமை ஏற்கவில்லை. 1896 டிசம்பரில் சிறையில் இருந்தபடி அதைக் கண்டித்து அறிக்கைகூட எழுதினார். அப்படியும் டிசம்பர் 30 அன்று ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. சிலை நிற்கும் இடத்தில்தான் சுட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சிலைக்கு அடியில் இருப்பது அவருடைய எலும்புகள். சுடப்பட்ட இடம் சற்றுத் தள்ளி இருக்கிறது; அங்கே தனியாகச் சிற்பத் தொகுதி உண்டு. சான்டியாகோ கோட்டைச் சிறையிலிருந்து அவர் நடந்த கடைசி நடையை வெண்கலக் காலடிகளாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். அதனால் பூங்காவில் தொடங்காமல், கோட்டையில் தொடங்கி அந்தக் காலடிகளைப் பிடித்துக்கொண்டே நடந்து வாருங்கள். ஒவ்வொரு தடமும் ஒரு மனிதர் ஊன்றிய அடி என்ற நினைப்பு வந்துவிட்டால், நடை தானாகவே மெதுவாகிவிடும்.

சரி, புரட்சியைத் தொடங்கியது யார்? கத்திபுனான் என்ற ரகசியச் சங்கம். 1892 ஜூலை 7 அன்று மணிலாவின் தொண்டோ பகுதியில் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோவும் தோழர்களும் அதைத் தொடங்கினார்கள். அவருக்கான பெரிய நினைவுச்சின்னம் கலூக்கானில், சாலைகள் சந்திக்கும் வட்டத்தின் நடுவே நிற்கிறது. அந்தப் பகுதிக்கே மோனுமெந்தோ என்றுதான் பெயர். சிற்பி கியர்மோ டொலன்டீனோ. திறந்த ஆண்டு 1933. வண்டிகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதால் பலரும் ஜன்னல் வழியே ஒரு பார்வையோடு நிறுத்திக்கொள்வார்கள். அது பெரிய இழப்பு. தூணின் அடியில் 23 உருவங்கள் சுற்றி நிற்கின்றன. முன்புறம் கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியுமாக போனிஃபாசியோ. முகத்தில் ஆவேசம் இல்லை, நிதானம்தான். பின்புறம் வந்தால், 1872-இல் ஸ்பானிய அரசு கழுத்தை நெரித்துக் கொன்ற மூன்று பாதிரியார்கள். அந்தக் கொலையின் கோபம்தான் பின்னால் புரட்சியாகத் திரண்டது. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் கதையில் பாதிதான் கிடைக்கும்.

வெட்டுக்கத்தி ஏந்திய சிலை எல்லாமே போனிஃபாசியோ என்று எண்ணுவதும் சகஜம். 1911-இல் பலின்தவாக்கில் நிறுவிய சிலை பெயரில்லாத ஒரு போராளியைக் குறிப்பது. 1968-இல் அதைப் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் பலின்தவாக்கில் போய்த் தேடாதீர்கள்.

அப்புறம் கிழமை. அரசு நடத்தும் வரலாற்று அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை பூட்டியிருக்கும். மணிலாவுக்கு வடக்கே மலோலோஸ் நகரின் பரசோவாயின் தேவாலயத்தில்தான் 1899 ஜனவரி 23 அன்று பிலிப்பைன்ஸின் முதல் குடியரசு தொடங்கியது. இன்றும் பூசை நடக்கிற கோயில் அது. நேரம் பார்த்து, அமைதியாகப் போக வேண்டும்.

கவீத்தே மாகாணத்தின் காவிட் ஊரில், புரட்சித் தலைவர்களில் ஒருவரான எமிலியோ அகினால்டோவின் வீடு இருக்கிறது. 1898 ஜூன் 12 அன்று சுதந்திரப் பிரகடனம் வாசித்தது அங்கேதான். எல்லோரும் மாடத்தைக் காட்டி, 'இங்கே நின்றுதான் வாசித்தார்கள்' என்பார்கள். அன்று அந்த மாடமே கிடையாது. வாசித்தது ஒரு ஜன்னலில் இருந்து. வாசித்தவர் அம்புரோசியோ ரியான்சாரெஸ் பாவுதிஸ்தா. மாடம் பிற்பாடு வீட்டைப் புதுப்பித்தபோது வந்தது.

காவிட்டோடு திரும்பிவிடுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிற தவறு. அதே மாகாணத்தில் மரகோந்தோன் என்ற ஊர் இருக்கிறது. 1897 மார்ச்சில் தெஹேரோஸில் புரட்சிக்காரர்கள் கூடிய கூட்டத்தில் அகினால்டோ புரட்சி அரசின் தலைவராகத் தேர்வானார். போனிஃபாசியோவுக்குக் கிடைத்த பதவிக்கே, அவர் வக்கீல் இல்லை என்று ஒருவர் எதிர்ப்புச் சொன்னார். அவமானப்பட்டவர் கூட்டம் செல்லாது என்று அறிவித்துவிட்டு வெளியேறினார். பிறகு சொந்தப் புரட்சிக்காரர்களே அவரைப் பிடித்து விசாரித்தார்கள். மே 10 அன்று அவரையும் தம்பி புரோகோப்பியோவையும் மலைப்பக்கம் கூட்டிப்போய்க் கொன்றார்கள். விசாரணை நடந்த வீடு இப்போது அருங்காட்சியகம். காவிட்டைக் காலையில் முடித்துக்கொண்டால், அன்றைக்கே அங்கேயும் போய்விடலாம்.