நாட்ச் புரதமும் தோல் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்டைச் செல்கள் தமக்குள் குறிப்புகளைப் பரிமாற உதவும் நாட்ச் புரதத்தைப் பற்றிப் பேசும்போது நேரும் பெரிய தவறு, அதைப் ‘புற்றுநோய்ப் புரதம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது. டி-செல் என்னும் வெள்ளையணு வகையில் தோன்றும் கடும் ரத்தப் புற்றுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம், நாட்ச் வகைகளில் ஒன்றை உருவாக்கும் நாட்ச்1 மரபணுவில் அதை அளவுக்கு மீறி முடுக்கிவிடும் பிறழ்வுகள் இருப்பது 2004இல் தெரியவந்தது. அந்தப் பெயருக்குக் காரணமும் அதுவே. தோலிலோ கதை நேர் எதிரானது. எலிகளின் மேல்தோலில் நாட்ச்1 நீக்கப்பட்டபோது தோல் தடித்து, நாளடைவில் கட்டிகள் தோன்றியதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. மேல்தோலின் அடித்தட்டில் பிரிந்து பெருகும் செல் ஒன்று மேலே நகரத் தொடங்கும்போது, இனிப் பிரியாமல் கெரட்டின் என்னும் உறுதியான புரதம் நிறைந்த காப்புச் செல்லாக முதிரும்படி அதைத் திருப்பிவிடுவது நாட்ச்தான். ஆகவே எந்தத் திசு என்பதைச் சொல்லாமல் இந்தப் புரதத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ எழுதுவது, என் பார்வையில், வாசகரைத் தவறான வழியில் அனுப்புவதாகும்.

இதை ரத்தத்தில் மிதந்து வரும் ஹார்மோன் போல எண்ணுவதும் பிழையே. நாட்ச் செல்சவ்வில் பதிந்திருக்கும் ஓர் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் குறிப்பைப் பெறும் புரதம். அண்டைச் செல்லின் பரப்பிலுள்ள டெல்டா அல்லது ஜாக்ட் வகைப் புரதம் அதைப் பற்றி இழுத்த பிறகே காமா-செக்ரிடேஸ் என்னும் நொதி அதை வெட்டுகிறது; அறுந்த உள்பகுதி உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகிறது. இந்த ஒரு வெட்டு எவ்வளவு முக்கியமானது என்பதை ஆல்சைமர் நோய்க்கான செமகசெஸ்டாட் மருந்து வேதனையோடு உணர்த்தியது. அதே நொதியைத் தடுத்த அந்த மருந்தின் சோதனைகள் 2010இல் நிறுத்தப்பட்டபோது, அதை உட்கொண்டவர்களின் நினைவாற்றல் மேலும் குன்றியிருந்தது. தோல் புற்றுநோயும் அவர்களிடையே கூடியிருந்தது.

பிறழ்வைக் கண்டதுமே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. 55 முதல் 73 வயது வரையிலான நால்வரின் நலமான கண்ணிமைத் தோலை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்களில் நாட்ச்1 பிறழ்வு காணப்பட்டது.

கட்டியின் செல்களை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. தோலில் ஆங்காங்கே மட்டும் நாட்ச்1 இழந்த எலிகளில், அதை இழக்காத செல்களிலிருந்தும் கட்டிகள் வளர்ந்தன என்பது 2009இல் தெரிந்தது. காப்பு அரண் குலைந்ததால் அடியிலுள்ள இணைப்புத் திசு ஆறாத புண்போல மாறி, அண்டைச் செல்களையும் பெருகத் தூண்டியிருந்தது. கட்டிக்குள் நாட்ச்1 பழுதின்றி இருப்பதை மட்டும் வைத்து, அந்த நோயில் அதற்குப் பங்கில்லை என்று முடிவுகட்டக் கூடாது.