தண்ணீர் டியூபில் பேண்ட் வந்தால்

ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்ததுமே ஜீனை குளோன் செய்யக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதல் மாதம் ஒரு பிசிஆரை (டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) ஒழுங்காகப் போடப் பழகினால் போதும்.

திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் பைப்பெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். 20 மைக்ரோலிட்டர் தண்ணீரை நுண்தராசில் விட்டால் 20 மில்லிகிராம் காட்ட வேண்டும். பத்துத் தடவை செய்து பாருங்கள். எடை ஏறி இறங்கினால் கட்டைவிரலில் இன்னும் அவசரம் இருக்கிறது. டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைம் கிளிசராலில் இருப்பதால் பிசுபிசுவென்று டிப்பின் வெளியிலும் ஒட்டும். நுனியை மட்டும் தொடவிட்டு மெதுவாக இழுங்கள்.

அப்புறம் கன்ட்ரோல்: டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் விட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் டியூப். பிசிஆர் முடிந்ததும் ஜெல்லில் ஓட்டினால், ஒவ்வொரு டியூபுக்கும் உரிய தடத்தில் (லேன்) பெருகிய டிஎன்ஏ ஒரு பட்டையாக (பேண்ட்) தெரியும். நான் முதலில் ஓட்டிய ஜெல்லில் எல்லா லேனிலும் பளிச்சென்று பேண்ட். குதித்தேன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதில் தண்ணீர் டியூப் எது?" என்றார். கடைசி லேன். டிஎன்ஏவே போடாத அதிலும் பேண்ட்! மூன்று வாரம் போனது.

ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால், 30 சுற்றில் ஒரே ஒரு மூலக்கூறு 100 கோடியைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தெறிப்பே போதும், எல்லாம் கெட.

இப்படி வந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். எது குற்றவாளி என்றே தெரியாமல் போகும். முதலில் தண்ணீரை மட்டும் புதிதாக மாற்றி ஓட்டுங்கள். பிறகு பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), அதன்பின் பஃபர் கரைசல், கடைசியாக என்சைம். எதை மாற்றியும் போகவில்லையா? பைப்பெட்டைச் சந்தேகப்படுங்கள். நான் பிளாஸ்மிட் (வட்ட வடிவ டிஎன்ஏ) எடுத்த அதே பைப்பெட்டில்தான் பிசிஆரும் கலந்திருந்தேன். இப்போது கலக்க ஒரு மேசை, ஜெல் ஓட்ட வேறு மேசை. வடிகட்டி வைத்த டிப். தண்ணீரும் பிரைமரும் சின்னச் சின்ன டியூபுகளில் பிரித்து வைத்தவை.

நோட்டில் அன்றன்றே எழுதுங்கள், எந்த டியூபிலிருந்து எடுத்தது என்பது உட்பட. மூடியில் மட்டும் எண் போட்டால் ஒரு சொட்டு எத்தனால் பட்டு அழிந்துவிடும். பக்கவாட்டிலும் தேதியோடு எழுதுங்கள்.

கைடிடம் படம் காட்டும்போது தண்ணீர் லேனை வெட்டிவிட்டுக் காட்டாதீர்கள். அவர் கண் முதலில் அங்கேதான் போகும்.