பூச்சி, எலித் தொல்லை: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரப்பான் பூச்சி ஒன்று கண்ணில் பட்டவுடன் பெரும்பாலானோர் மருந்தடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடிபட்ட பூச்சி சாகிறது. சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனால், அது எந்த வழியாக உள்ளே வந்தது, எங்கே தண்ணீர் குடித்தது, பகல் முழுவதும் எங்கே ஒண்டியிருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைப்பதில்லை. அவற்றை விட்டுவிட்டு மருந்தில் தொடங்குவதே முதன்மையான தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சமையலறைகளில் மிகுதியாகக் காணப்படும் சிறிய, வெளிர்பழுப்பு நிற ஜெர்மன் கரப்பானை எடுத்துக்கொள்வோம். பெண் பூச்சி, ஏறத்தாழ 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய கூட்டை, அவை பொரியும் தறுவாய் வரை தன் வயிற்றின் முனையிலேயே சுமந்து திரிகிறது. அக்கூட்டின் கெட்டியான உறைக்குள் தெளிப்பு மருந்து எளிதில் நுழைவதில்லை. எனவே, மருந்தடித்துச் சில வாரங்களில் குஞ்சுகள் தென்பட்டால், அதே மருந்தை இன்னும் கூடுதலாக அடிப்பதில் பயனில்லை. தவிர, பைரெத்ராய்டு வகைத் தெளிப்பு மருந்துகள் பலவற்றுக்குப் பூச்சியை விரட்டும் தன்மையும் உண்டு என்பதால், சமையலறையில் ஒரே மூலையில் இருந்தவை சிதறி மற்ற அறைகளுக்கும் பரவிவிடுகின்றன.

இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் வடிவ நச்சு இரை, தெளிப்பு மருந்தைவிட நல்ல பலன் தரும். ஆனால் இரை வைத்த இடத்திலேயே தெளிப்பு மருந்தையும் அடித்தால், அது பட்ட இரையைக் கரப்பான் தொடாது; இரண்டு மருந்தும் வீண். ஒரே இரையை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவதும் சரியன்று. குளுக்கோஸ் கலந்த இரையை அடியோடு ஒதுக்கும் கரப்பான்கள் உருவாகியிருப்பது 1993ஆம் ஆண்டிலேயே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அவ்வப்போது இரையின் வகையை மாற்றுவதே முறை.

தண்ணீரைப் பற்றிய அலட்சியத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிந்திய உணவைத் துடைப்பவர்கள்கூட ஈரத்தைப் பொருட்படுத்துவதில்லை. உணவின்றிப் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும் கரப்பானால் தண்ணீரின்றி அத்தனை நாள் வாழ முடியாது. சிங்க்கின் கீழ்க் குழாயில் சொட்டும் நீர், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டில் தேங்கும் நீர், பிழியாமல் போட்டுவைத்த துடைப்புத் துணி, வளர்ப்பு விலங்குக்கு இரவு முழுவதும் வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணம் ஆகியவைதான் இரவில் அவை தேடிவரும் இடங்கள். படுக்கப் போகுமுன் சிங்க்கை உலர்த்தித் துடைப்பதையே, எந்த மருந்துக்கும் முன்னால், முதல் வேலையாகக் கொள்ள வேண்டும் என்பேன்.

சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியைக் காலி செய்துவிட்டு, கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் இட்ட துளை குழாயைவிடப் பெரிதாக இருப்பதால், குழாயைச் சுற்றி வளையம்போல ஓர் இடைவெளி இருக்கும். பூச்சி மட்டுமன்றிச் சுண்டெலியும் நுழைய அது போதும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர், அதாவது ஒரு பென்சிலின் பருமன் அளவு சந்து இருந்தாலே போதுமானது; பெரிய எலிக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் வேண்டும். இத்தகைய ஓட்டையைக் கந்தல் துணியாலோ, தெர்மாகோலாலோ, பீய்ச்சி அடிக்கும் நுரையாலோ மட்டும் அடைப்பது வீண்வேலை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. துணி, தெர்மாகோல், நுரை போன்றவற்றை அது ஓரிரவில் கொறித்துவிடும். எஃகுக் கம்பிச் சுருளை இறுக்கமாகத் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூச வேண்டும். அதற்கு முன், துளையில் கசக்கிய காகிதத்தைச் செருகிச் சில இரவுகள் கவனியுங்கள். காகிதம் கலைந்தால் எலியின் நடமாட்டம் இன்னும் இருக்கிறது என்று பொருள். பொறி வைத்துப் பிடித்த பிறகே துளையை அடைக்க வேண்டும். இல்லையேல் அது உள்ளேயே சிக்கி, வேறொரு வழியைக் கொறித்துத் திறக்கும்.

எலிக்குப் பொறியை விடுத்து நஞ்சை நாடுவது எனக்கு மிகுந்த கவலை தரும் பழக்கம். இரத்த உறைவைத் தடுக்கும் வகை நஞ்சைத் தின்ற எலி சில நாட்கள் கழித்தே சாகும். பரணிலோ சுவருக்குள்ளோ செத்து நாறும். அதைத் தின்னும் பூனையும் ஆந்தையும் பாதிக்கப்படும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலையே அழிக்கக்கூடியது. அந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் காற்றின் ஈரம் பட்டவுடனே பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை வெளியிடுபவை. மனிதர் உறங்கும் வீட்டுக்குள் அவற்றை ஒருபோதும் கொண்டுவரக் கூடாது. எந்தப் பூச்சி மருந்தையும் குடிநீர்ப் புட்டியிலோ சமையல் பாத்திரத்திலோ மாற்றி ஊற்றிவைக்கவும் கூடாது; குழந்தைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

எறும்பு வரிசையின் மீது மருந்தடித்தால் சாவது இரை தேடி வெளியே வந்த வேலைக்கார எறும்புகள் மட்டுமே. புற்றுக்குள் இருக்கும் இராணிக்கு எதுவும் ஆகாது. சிலவகை எறும்புகள், இவ்வாறு கலைக்கப்பட்டால், ஒரு கூட்டம் பலவாகப் பிரிந்து வெவ்வேறு இடங்களில் குடியேறிவிடும். போரிக் அமிலம் கலந்த இனிப்பு இரையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, எறும்புகள் அதைச் சுமந்து சென்று உள்ளே ஊட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். முதல் நாள் கூட்டம் பெருகுவதைக் கண்டு துடைத்துவிடாதீர்கள். கரையானுக்கும் இது பொருந்தும்: சுவரில் ஏறும் மண் தடத்தை உடைத்துத் தள்ளுவதால் மண்ணுக்கடியில் உள்ள கூட்டத்துக்குக் கேடில்லை. சுவரின் ஈரக்கசிவைச் சரிசெய்து, தரையைத் தொடும் மரச்சாமான்களை விலக்கி, துறை தெரிந்தவரை அழைப்பதே வழி.

மூட்டைப்பூச்சி கடிக்கிறது என்று வேறு அறைக்குப் படுக்கையை மாற்றினால், அது அந்த அறைக்கும் தொடர்ந்து வரும். மெத்தையை வெயிலில் போடுவதும் போதாது. பூச்சிகள் வெப்பம் எட்டாத உட்பகுதிக்கு நகர்ந்து தப்பும். துணிகளை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது பலன் தரும். பழைய கட்டில், சோபா வாங்கினால் அவற்றின் தையல்களையும் மூட்டுகளையும் வாசலுக்கு வெளியிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும்.

மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பிப் பூச்சிகளையும் எலிகளையும் விரட்டுவதாகச் சொல்லப்படும் மின்கருவிகளை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம். ஆதாரமின்றி இவ்வாறு விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001ஆம் ஆண்டில் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது.

கடைசியாக, பூச்சி கண்ணில் படவில்லை என்றதும் கவனிப்பை நிறுத்திவிடுவதும் தவறுதான். பசை தடவிய அட்டைகளைச் சிங்க்குக்குக் கீழும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னும் வைத்து, வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கரப்பானின் முட்டை முழுப் பூச்சியாக வளரச் சூடான இடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும் என்பதால், குறைந்தது அந்தக் காலம் வரையாவது அட்டைகள் இருக்கட்டும். எந்த அட்டையில் குஞ்சுகள் மிகுதியாக ஒட்டியிருக்கின்றனவோ, அதற்கு மிக அருகில்தான் அவற்றின் ஒண்டுமிடம் இருக்கும். அடுத்த இரையை அங்கே வைக்க வேண்டும்.