நாலு பேருக்கு ரெண்டு போர்டு போதும்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நண்பர்களாகச் சேர்ந்து விண்ட்சர்ஃபிங் (துணிப்பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் வேகத்தில் தண்ணீரில் ஓட்டுவது) பழக இலங்கையின் கற்பிட்டிக்குப் போவதாக இருந்தால், ஆளுக்கொரு போர்டு வாடகைக்கு எடுக்காதீர்கள். நாலு பேருக்கு, போர்டும் பாயும் சேர்ந்த செட் இரண்டு தாராளம்.

புதிதாகப் பழகுபவர் ஏறுவதும் விழுவதுமாகத்தான் இருப்பார். விழும்போதெல்லாம் தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிறு பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முன்னங்கை கடுத்து, பிடி நிற்காது. அவர் கரையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கும் நேரத்தில் அடுத்தவர் ஏறிவிடலாம். வாடகை பேசும்போதே மாறி மாறி ஓட்டுவோம் என்று சொல்லிவிடுங்கள் (அங்கே தமிழ் செல்லும், கவலை வேண்டாம்). ஆள் கணக்கில்தான் வாங்குவேன் என்று கடைக்காரர் சொன்னால் அப்புறம் மிச்சமில்லை.

ஜோடி சேர்க்கும்போது எடையைப் பாருங்கள். 55 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே பாயை வைத்துக்கொண்டு திண்டாடுவார்கள். எடைக்கும் காற்றுக்கும் தகுந்தபடி பாயின் அளவு மாறும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும், அப்போது இது இன்னும் முக்கியம்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. காற்று நன்றாக வீசும்போது போர்டை விட்டு எவன் இறங்குவான்?