லெபனான் பிட்டா ரொட்டி: வீட்டு அடுப்பிலேயே உப்ப வைக்கும் முறை

பிட்டா ரொட்டி உப்பாமல் தட்டையாகவே வந்துவிட்டால் எல்லோரும் முதலில் ஈஸ்ட் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு அங்கே இருப்பதில்லை. ஈஸ்ட்டே சேர்க்காத பூரியும் புல்காவும் உப்பத்தானே செய்கின்றன? ரொட்டிக்கு மணத்தையும் மென்மையையும் தருவது ஈஸ்ட். அதை இரண்டு ஏடாகப் பிரித்துப் பை போல ஆக்குவது நீராவி. அந்த நீராவிக்கு வேண்டியவை கடுமையான சூடும் ஒரே சீராகத் தேய்த்த மாவும்தான்.

நல்ல சூடான பரப்பில் ரொட்டியைப் போட்டதும் அதன் மேல்புறமும் அடிப்புறமும் சட்டென்று இறுகித் தோல் கட்டுகின்றன. நடுவில் மாவு இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. வெளியேற வழி இல்லாததால் இளகிக் கிடக்கும் நடுப்பகுதியைப் பிளந்துகொண்டு போகிறது. சூடு போதாவிட்டால் மேல், நடு, அடி எல்லாம் ஒன்றாகவே வெந்து இறுகும். ஆவியும் சிறுகச் சிறுக வெளியேறிவிடும். அப்போது கிடைப்பது தடித்த பிஸ்கட்.

லெபனானில் இதை குப்ஸ் அரபி என்பார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களுக்கு குபூஸ் என்றாலே போதும். லெபனான் பேக்கரிகளில் விற்கும் ரொட்டி ஏறக்குறைய 30 செ.மீ. அகலம் இருக்கும். ஒவ்வொரு ஏடும் துணி மாதிரி மெல்லியதாக இருக்கும். அங்குள்ள அடுப்புகளின் சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதால் ஒரு நிமிடத்துக்குள் ரொட்டி தயாராகிவிடும். வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதனால் வீட்டில் 18 செ.மீ. அளவில் செய்வதே நல்லது. அதைவிடப் பெரிதாகத் தேய்த்தால் திருப்பிப் போடும்போதே மடிந்து கெட்டுப்போகும்.

தேவையானவை (10 ரொட்டிக்கு)

மைதா – 400 கிராம்
கோதுமை மாவு – 100 கிராம்
தண்ணீர் – 310 மி.லி.
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் – 5 கிராம் (ஒன்றரை டீஸ்பூன்)
உப்பு – 9 கிராம் (ஒன்றரை டீஸ்பூன்)
சர்க்கரை – 10 கிராம் (2 டீஸ்பூன்)
எண்ணெய் – 1 டேபிள்ஸ்பூன்

கோதுமை மாவு இல்லாமல் முழுக்க மைதாவிலும் செய்யலாம். அப்போது தண்ணீரை 300 மி.லி.யாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சப்பாத்தி மாவு கல்லில் அரைபடுவதால் அதன் மாவுச்சத்து உடைந்து, மைதாவைவிட அதிகமாகத் தண்ணீர் இழுக்கும். கோதுமை மாவைப் பாதிக்கு மேல் சேர்க்க வேண்டாம். ரொட்டி உப்பினாலும் ஏடு முரடாகி, சுருட்டும்போது விரிசல் விடும்.

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரு கப் மைதா, அளக்கும் கையைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கும், 150 கிராமாகவும் இருக்கும். இந்த வித்தியாசமே மாவைக் கல்லாகவோ கூழாகவோ ஆக்கிவிடும்.

குளிர்சாதன வசதி இல்லாத சமையலறையில், வெயில் காலத்தில் ஈஸ்ட்டை ஒரு டீஸ்பூனாகக் குறைத்து, பானைத் தண்ணீரில் பிசையுங்கள். மேல்நாட்டுக் குறிப்புகளைப் பார்த்து வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் மாவு அரை மணி நேரத்தில் பொங்கிப் புளித்த வாடை அடிக்கும். உருண்டை உருண்டையாக இருக்கும் டிரை ஆக்டிவ் ஈஸ்ட் என்றால் மட்டும், 6 கிராம் எடுத்து, அளந்த தண்ணீரில் கால் டம்ளரை வெதுவெதுப்பாக்கிச் சர்க்கரையோடு கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்து வராவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது. வேறு பாக்கெட் வாங்குங்கள்.

பிசைதல்

மாவு, ஈஸ்ட், சர்க்கரையை அகலமான பாத்திரத்தில் கலந்து தண்ணீரை ஊற்றி, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கிளறுங்கள். மூடி 15 நிமிடம் விட்டுவிடுங்கள். இந்த நேரத்தில் மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு தானாகவே பாதி பதத்துக்கு வந்துவிடும். பிறகு உப்பையும் எண்ணெயையும் சேர்த்து 8 நிமிடம் பிசையுங்கள்.

முதல் மூன்று நிமிடம் கையில் ஒட்டும். அதற்குப் பயந்து மாவு தூவிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி மறுபடி தள்ளுங்கள். ஐந்தாவது நிமிட வாக்கில் ஒட்டல் குறைந்து வழவழப்பு வரும். கடைசியில் மாவு சப்பாத்தி மாவைவிட இளக்கமாகவும், விரலால் அழுத்தினால் மெதுவாக எழும்பி வருவதாகவும் இருக்க வேண்டும். கொஞ்சம் மாவைக் கிள்ளி இரு கையாலும் விரித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் அளவுக்குக் கிழியாமல் விரிந்தால் பதம் சரி.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வைத்து, இரண்டு மடங்காகும் வரை விடுங்கள். சென்னை வெயிலில் 45 நிமிடம் போதும். குளிர் நாடுகளிலும் மலைப் பகுதிகளிலும் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பாமல் மாவின் அளவைப் பாருங்கள். அன்றைக்கு நேரம் இருக்காது என்றால் முதல் நாள் இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மெதுவாகப் புளித்த அந்த மாவின் ருசி தனி. மறுநாள் வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்து உருட்டுங்கள்.

உருண்டையும் தேய்ப்பதும்

மாவை அழுத்திக் காற்றை வெளியேற்றி 85 கிராம் வீதம் 10 துண்டாக்குங்கள். ஒவ்வொன்றையும் ஓரங்களை அடிப்புறம் இழுத்துச் சேர்த்து, மேல்புறம் மடிப்பே இல்லாத உருண்டையாக்குங்கள். இதை அலட்சியமாகச் செய்தால் பிற்பாடு வருந்த வேண்டியிருக்கும். உருண்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் அதே இடத்தில்தான் ரொட்டியின் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஆவி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும். உருண்டைகளை மூடி 15 நிமிடம் வையுங்கள். அப்போதுதான் தேய்க்கும்போது மாவு சுருங்கித் திரும்பாது.

பலகையில் லேசாக மாவு தூவி, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். கட்டையை ஓரத்தைத் தாண்டி உருட்டாதீர்கள். ஓரம் நசுங்கிவிடும். 85 கிராம் மாவு 18 செ.மீ. வட்டமானால் தடிமன் 3 மி.மீ. அளவுக்கு வரும். இந்த அளவில் உப்புவது நிச்சயம். கை பழகிய பிறகு 20 செ.மீ. வரை கொண்டுபோகலாம். பேக்கரி ரொட்டியின் மென்மை அப்போதுதான் வரும்.

தேய்த்ததை உடனே சுடாதீர்கள். மாவு தூவிய துணியில் பரப்பி, மேலே உலர்ந்த துணியால் மூடி, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். மூடாமல் மின்விசிறிக் காற்றில் விட்டால் மேல்தோல் காய்ந்து, சூட்டில் நீள முடியாமல் வெடித்துவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் விட்டாலும் தொல்லைதான். உள்ளே பெரிய காற்றுக் குமிழ்கள் உண்டாகி அங்கங்கே மட்டும் உப்பும்.

சுடுதல்: ஓவனில்

பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இல்லாத கனமான இரும்பு தோசைக்கல்லை ஓவனின் நடுத்தட்டில் கவிழ்த்து வைத்து, உங்கள் ஓவனின் உச்சபட்ச சூட்டில், மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 40 நிமிடம் காய விடுங்கள். பத்தே நிமிடத்தில் விளக்கு அணைந்து சூடாகிவிட்டதாகக் காட்டும். அது ஓவனின் காற்றுக்குத்தான். கல்லுக்குள் சூடு ஏற இன்னும் நேரம் வேண்டும். ரொட்டி எழும்பும் என்பதால் மேல் கம்பிக்கும் கல்லுக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

ரொட்டியில் ஒட்டியிருக்கும் உதிரி மாவைத் தட்டிவிட்டு, மெல்லிய பலகையிலோ அட்டையிலோ வைத்துக் கல்லின் மேல் சட்டென்று சரித்துவிடுங்கள். மாவு நிறைய ஒட்டியிருந்தால் கல்லில் கருகிக் கசக்கும். கதவை மூடியபின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும், அவை ஒன்றோடொன்று சேரும், பிறகு ஒரு ஓரம் எழும்பி மொத்த ரொட்டியும் பந்தாகிவிடும். உப்பியபின் முப்பது விநாடிக்கு மேல் விடாதீர்கள். மொத்தம் இரண்டரை முதல் மூன்றரை நிமிடம்தான். பிட்டா வெளிறியே இருக்க வேண்டும், அங்கங்கே ஓரிரு பழுப்புப் புள்ளிகள் போதும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் ஆறியதும் அப்பளமாக நொறுங்கும். அடுத்த ரொட்டிக்கு முன் இரண்டு நிமிடம் கதவை மூடி வைத்துக் கல்லின் சூட்டை மீட்டுக்கொள்ளுங்கள்.

சுடுதல்: தோசைக்கல்லில்

ஓவன் இல்லையென்றால் கவலை வேண்டாம், இரும்புக் கல்லே நன்றாகச் சுட்டுத் தரும். எண்ணெய் தடவாமல், தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் அளவுக்குக் காய வையுங்கள். ரொட்டியைப் போட்டு 20 விநாடியில், நிறம் மாறும் முன்பே, திருப்புங்கள். இரண்டாம் பக்கத்தை ஒரு நிமிடம் விட்டு, கொப்புளங்கள் பெரிதானதும் மறுபடி திருப்பினால் உப்பத் தொடங்கும். ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் மடித்த துணியால் எழும்பிய பகுதியை மெதுவாக ஒத்துங்கள். ஆவி மறுபக்கத்துக்குத் தள்ளப்படும். நான்-ஸ்டிக் கல்லை இந்தச் சூட்டுக்குக் கொண்டுபோவது நல்லதல்ல.

எப்படிச் சுட்டாலும், எடுத்தவுடன் பருத்தித் துணிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி 10 நிமிடம் வையுங்கள். கல்லிலிருந்து இறங்கும்போது விறைப்பாக இருக்கும் ரொட்டி, தன் ஆவியிலேயே ஊறி மடங்கும் பதத்துக்கு வருவது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

எங்கே பிசகுகிறது

முதல் ரொட்டி உப்பாமல் அடுத்தடுத்தவை உப்பினால் கல் காயவில்லை என்று பொருள். எதுவுமே உப்பவில்லை, ஆனால் ருசி நன்றாக இருக்கிறது என்றால் சூடு குறைவு அல்லது மாவில் தண்ணீர் குறைவு. அடுத்த முறை 15 மி.லி. கூட்டிப் பாருங்கள். பாதி மட்டும் உப்பினால் தேய்த்ததில் மேடு பள்ளம் இருக்கிறது. உப்பியது, ஆனால் மேல் ஏடு கண்ணாடித்தாள் போலவும் அடி ஏடு தடியாகவும் வந்தால், தேய்த்தபின் மேல்புறம் காய்ந்திருக்கும், அல்லது கல் காய்ந்த அளவுக்கு ஓவனின் மேற்புறக் கம்பி சூடாகவில்லை. மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் அடுப்புகள் பல 200, 220 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதில் மல்லுக்கட்டுவதைவிடத் தோசைக்கல்லுக்கு மாறிவிடுங்கள்.

உப்பாதவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். கீழே சொல்லும் ஃபத்தூஷுக்கும் ஃபத்தேக்கும் அவையே போதும்.

சாப்பிடும் விதம்

லெபனானில் ரொட்டிதான் கரண்டி. ஒரு துண்டைக் கிழித்து, குழித்து, கொண்டைக்கடலை மசியலான ஹம்முஸையோ, வடித்த தயிரான லப்னேயையோ அள்ளுவார்கள். லப்னே நம் வீட்டிலேயே எளிது. ஒரு கிலோ கெட்டித் தயிரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வடிய விட்டால் போதும். ரொட்டியில் தடவி, மேலே வெள்ளரித் துண்டு, புதினா, ஆலிவ் எண்ணெய் வைத்துச் சுருட்டினால் அங்கே பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போகும் சுருள் கிடைத்துவிடும்.

பைக்குள் திணித்துச் சாப்பிடுவதைவிட இப்படிச் சுருட்டுவதுதான் லெபனான் வழக்கம். ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) சுருளுக்கு ரொட்டியின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி இரண்டு ஏடாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படி பரப்பி, நடுவில் வடையை வைத்து இறுக்கிச் சுருட்டுங்கள். ரொட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். ஆறினால் கிழியும்.

இதே மாவில் மனாகீஷும் செய்யலாம். தேய்த்த வட்டத்தை விரல் நுனிகளால் பள்ளம் பள்ளமாக அழுத்தி, 2 டேபிள்ஸ்பூன் ஜஅதரை (காய்ந்த மூலிகையும் எள்ளும் கலந்த பொடி) 3 டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயில் குழைத்துப் பூசி, அதே கல்லில் 5 நிமிடம் சுடுங்கள். இங்கே பை உண்டாகக் கூடாது. அதற்குத்தான் அந்தப் பள்ளங்கள். லெபனானின் இந்தக் காலை உணவு 2023-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

மிஞ்சிய ரொட்டியை அன்றைக்கு மூடிய டப்பாவில் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜில் மட்டும் வேண்டாம். அந்தக் குளிரில்தான் வெந்த மாவுச்சத்து வேகமாக இறுகி ரொட்டி வறண்டு போகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை லேசாகத் தண்ணீர் தெளித்து, காய்ந்த கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டால் புதிதாகச் சுட்டது போலாகும்.

பழைய ரொட்டிக்கு ஃபத்தூஷ். துண்டுகளில் எண்ணெய் தடவி 180 டிகிரியில் 8 நிமிடம் மொறுமொறுப்பாக்கி, தக்காளி, வெள்ளரி, முள்ளங்கி, புதினாவோடு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், புளிப்பான சுமாக் பொடி சேர்த்துப் புரட்டுங்கள். லெபனானில் இதற்கு விரும்பிச் சேர்க்கும் பக்லே என்ற கீரை நம் சந்தையில் கிடைக்கும் பருப்புக்கீரைதான். பச்சையாகவே கிள்ளிப் போடுங்கள். ரொட்டித் துண்டுகளைப் பரிமாறும் நேரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும்.

ஃபத்தே அதற்கு நேர்மாறு, அதில் ரொட்டி ஊறத்தான் வேண்டும். மொறுமொறுப்பாக்கிய துண்டுகளைத் தட்டில் பரப்பி, வேகவைத்த கொண்டைக்கடலை இரண்டு கைப்பிடியை அதன் வெந்நீர் கொஞ்சத்தோடு மேலே கொட்டுங்கள். அரை லிட்டர் தயிரில் நசுக்கிய பூண்டு இரண்டு பல், தஹினி (எள் விழுது) 2 டேபிள்ஸ்பூன், உப்பு கலந்து மூடும்படி ஊற்றுங்கள். கடைசியில் நெய்யில் பாதாமோ பைன் கொட்டையோ சிவக்க வறுத்து, சத்தம் அடங்கும் முன் அப்படியே மேலே கொட்டி உடனே பரிமாறுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் அடியில் கொஞ்சம் மிஞ்ச வேண்டிய மொறுமொறுப்பு போய்விடும்.