பின் ஆக்சில் ஷாஃப்ட்டைக் கழற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

மாருதி ஆம்னி வேன் மாதிரி பின்சக்கர இழுவை வண்டிகளில் ஆக்சில் ஷாஃப்ட், அதாவது பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு, சக்கரத்தைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை, வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது, சக்கரமே அதன் நுனியில்தான் மாட்டியிருக்கிறது. பெரிய லாரியில் ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் அதன் நடுக்குடமான ஹப்பில் நிற்கும். இங்கே முறிந்தால் சக்கரம் தனியாகக் கழன்று ஓடிவிடும். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் வேனில் அப்படி ஆனால் என்ன கதி என்று நினைத்துப் பாருங்கள்.

பலரும் தவறுவது ஜாக்கி போடும் இடத்திலேயே. ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியரில் விட்டாச்சு, இனி நகராது என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் ஹேண்ட் பிரேக் பிடிப்பதே பின்சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மைத்தான், டிரம்மைக் கழற்ற அதை விட்டாக வேண்டும். கியரும் காப்பாற்றாது: ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது சும்மா சுற்றும், இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் பல்சக்கரத் தொகுதி தரையில் உள்ள சக்கரத்தை உருளவிட்டுவிடும். அதனால் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஷாஃப்ட்டை மூடியிருக்கும் ஆக்சில் ஹவுசிங்கின் அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல் அடுக்கவே அடுக்காதீர்கள், பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும்.

டிரம் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனரில் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பிரேக் பட்டையில்) நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஷாஃப்ட்டை உருவும்போது ஒரு கையை அடியில் கொடுத்து மட்டமாக இழுக்க வேண்டும். தொங்கவிட்டு இழுத்தால் ஷாஃப்ட்டின் உள்நுனியில் வரிவரியாக வெட்டிய ஸ்ப்லைன் பற்கள், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டைக் கிழித்துவிடும், அப்புறம் கியர் ஆயில் கசிந்து லைனரில் இறங்கி பிரேக்கே பிடிக்காது.

வெளியே வந்ததை அப்படியே ஓரமாகச் சாய்த்து வைக்காமல் நன்றாகக் கழுவிப் பாருங்கள். ஸ்ப்லைன் பற்கள் நேராக ஓடாமல் கயிறு திரித்த மாதிரி லேசாகத் திருகியிருந்தால் அந்த இரும்பு ஏற்கெனவே தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், பேரம் பேசாமல் மாற்றிவிடுங்கள். கீறலைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் பிடித்தது பழைய பட்டறை வழி: மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெள்ளையின் மேல் மயிரிழைபோல ஈரமாகக் கோடு போடும். ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவும்போது பள்ளத்தில் நகம் மாட்டினால் புது சீல் போட்டும் கசியும்.

விரிசலை வெல்டு வைத்து ஒப்பேற்றுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. பதப்படுத்திய இரும்பு அது, வெல்டு சூட்டில் பக்கத்து இடம் பதம் கெட்டு அங்கேயே முறியும். பேரிங்கை நகராமல் பிடித்திருக்கும் இறுக்கமான வளையமான காலரைக் கேஸ் வைத்து வெட்டுவதும் அதே தவறுதான். துளை போட்டு உளியால் பிளந்து எடுங்கள், ஷாஃப்ட்டில் உளி படக்கூடாது, கழற்றிய காலரை மறுபடி போடவும் கூடாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கியர் ஆயிலையும் பாருங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கி பிரீதர் என்ற காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிளக்கைத் திறந்ததும் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் ஆயிலை மாற்றி, பிரீதரைச் சுத்தம் செய்து, இரண்டு பக்கப் பேரிங்கையும் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஷாஃப்ட்டை ஏற்றுங்கள்.